ஏழா, ஆணையா? பெயெர்செபா அரைநாள் டூர் போய்வந்த கதை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த டூரில் சேர்ந்தது பழைய கல்லும் கிணறும் பார்க்கிற ஆசையில் இல்லை, தெற்கு இஸ்ரேலில் இருக்கிற பெயெர்செபா என்கிற ஊரின் பெயர் ரொம்ப வருஷமாக மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றதால். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் வேதாகமத்திலிருந்து ‘தாண் முதல் பெயெர்செபாமட்டும்’ என்று சத்தமாக வாசிக்கும்போதெல்லாம் நான் அதை ‘பெயர் செபா’ என்றுதான் பிரித்துக்கொள்வேன், ‘பெயர்’ என்பதை யாரோ எழுத்துப்பிழையோடு அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு. அப்புறம் கொஞ்சம் வளர்ந்ததும் ‘செபா’ என்றால் செபம் சம்பந்தப்பட்டதாக இருக்கும், ஜெபம் பண்ணுகிற ஊர் போலிருக்கிறது என்று ஒரு முடிவு. இரண்டுமே தப்பு. எபிரெயத்தில் ‘பெஏர்’ என்றால் கிணறு, ‘ஷேவா’ என்றால் ஏழு. ஏழு கிணறா, ஏழாம் கிணறா, ஏழின் கிணறா என்று அடுத்த குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது, அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இஸ்ரேல் போனபோது ஒரு அரைநாளை இதற்கென்றே ஒதுக்கினேன்.

டூர் விவரம்: ஒன்பது பேர், ஒரு வேன், ஆங்கிலத்தில் பேசும் வழிகாட்டி. பெயெர்செபா சென்டர் ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு முதலில் ஊருக்குக் கிழக்கே இருக்கிற தொல்மேட்டுக்கு, அதாவது தெல் பெயெர்செபா தேசியப் பூங்காவுக்குப் போய், பிறகு பழைய நகரத்தில் இருக்கிற ‘ஆபிரகாமின் கிணறு’ மையத்தையும் காட்டிவிட்டு மதியம் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். தலைக்கு 240 ஷெக்கல், பூங்கா நுழைவுச்சீட்டு தனி. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, நான் திட்டுவதும் பாராட்டுவதும் அதில் வந்த மனிதர்களை வைத்துத்தான்.

வேன் நாற்பது நிமிஷம் லேட். எட்டரைக்கு நிலைய வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு ஒன்பது பத்துக்கு வந்தார்கள். மன்னிப்பும் கேட்கவில்லை, கூட வந்த ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ‘நாலாயிரம் வருஷம் காத்திருந்த இடம், இன்னும் அரைமணி நேரம் காத்திருக்காதா’ என்று ஜோக் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை. இந்த நாற்பது நிமிஷம் பிறகு என்ன செய்தது என்று கீழே சொல்கிறேன்.

ஆனால் வழிகாட்டி. அறுபதைத் தாண்டியவர், பள்ளியில் எபிரெயம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவராம். அவருக்காக மட்டும் இந்த டூருக்கு இன்னொரு தடவை காசு கொடுப்பேன். மேட்டின் வாசலுக்கு வந்ததும் எங்களைக் கல்லில் உட்காரவைத்துவிட்டு, ஒரு குச்சியை எடுத்து மண்ணில் மூன்று எழுத்து எழுதினார். ஷின், பேத், அயின். இதுதான் ஏழு என்றார். அப்புறம் அந்த எழுத்துகளில் கை வைக்காமலே, இதுதான் ஆணையிடுவதும் என்றார். ஏழுக்கும் சத்தியம் பண்ணுவதற்கும் எபிரெயத்தில் ஒரே வேர், ‘நிஷ்பா’ என்றால் ஆணையிட்டான், ‘ஷெவுவா’ என்றால் ஆணை, ‘ஷேவா’ என்றால் ஏழு. ஆணையிடுவதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘தன்னை ஏழாக்கிக்கொள்வது’ என்பது மாதிரி வரும் என்று அவர் சொன்னபோது பக்கத்தில் இருந்த அம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

பிறகு கதைக்கு வந்தார். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 21-ல் ஆபிரகாம் தோண்டிய துரவை, அதாவது கிணற்றை, ராஜா அபிமெலேக்கின் வேலைக்காரர்கள் பறித்துக்கொள்கிறார்கள். ஆபிரகாம் கேட்கப்போகிறார், உடன்படிக்கை பண்ணுகிறார்கள், அப்போது ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார். இது எதற்கு என்று அபிமெலேக்கு கேட்கிறான், இந்தத் துரவைத் தோண்டினது நான்தான் என்பதற்குச் சாட்சி என்கிறார் ஆபிரகாம். சரி, ஏழு ஆடு வந்துவிட்டது, அடுத்த வரியில் ‘ஏழு ஆட்டினிமித்தம் இந்தப் பெயர்’ என்று வரும் என்று காத்திருந்தால், வராது. ‘இருவரும் அங்கே ஆணையிட்டுக்கொண்டதால்’ அந்த இடம் பெயெர்செபா என்று முடித்துவிடுகிறது. ஏழைக் கண்ணெதிரே நிறுத்திவைத்துவிட்டு ஆணையைக் காரணமாகச் சொல்கிறது! தமிழில் வாசிக்கும்போது இது ஒன்றுமே உறைக்காது, ஏனென்றால் நமக்கு ஏழும் ஆணையும் ஒலியில் எந்த உறவும் இல்லாத இரண்டு சொற்கள். எபிரெயக் காதுக்கு அந்தப் பத்து வரிக்குள் ஷேவா, ஷேவா, நிஷ்பா, ஷேவா என்று மணி அடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்குமாம். அவர் எபிரெயத்தில் வாசித்துக் காட்டினார், எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் மணி கேட்டது.

இதோடு விட்டிருந்தாலே போதும். விடவில்லை மனுஷன். ஐந்து அதிகாரம் தள்ளி, 26-ல், ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் காலத்தில் மறுபடியும் அதே ஊருக்குப் பெயர் வைக்கப்படுகிறது. அதே அபிமெலேக்கு, அதே சேனாபதி பிகோல், அதே மாதிரி ஆணை, அன்றைக்கே வேலைக்காரர்கள் ஓடிவந்து தண்ணீர் கண்டோம் என்கிறார்கள், ஈசாக்கு அதற்கு ‘சேபா’ என்று பேரிடுகிறான், ‘ஆகையால்’ ஊர் பெயெர்செபா. அப்பா வைத்த பெயரை மகன் திரும்ப வைக்கிறான், முன்னால் வைத்ததைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. ஒரே நினைவு இரண்டு வாய்வழியில் வந்து இரண்டும் விடப்படாமல் சேர்க்கப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்வார்கள், அடைபட்ட கிணற்றை மகன் மீட்டுப் பழைய பெயரையே வைத்தான் என்று விசுவாசிகள் பலர் சொல்வார்கள், அதே அதிகாரத்தில் அவன் அப்பாவின் மற்றக் கிணறுகளுக்கு அப்படித்தான் செய்கிறான் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். வழிகாட்டி இரண்டையும் சொல்லிவிட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை.

இங்கேதான் குச்சி மறுபடி வந்தது. ஷின் எழுத்தின் வலது மூலையில் ஒரு புள்ளி வைத்தார். இது ‘ஷ’, ஏழு, ஆணை. கட்டைவிரலால் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு இடது மூலையில் வைத்தார். இப்போது இது ‘ஸ’, ‘ஸாவா’, வயிறு நிறைவது, திருப்தி. பழைய சுருள்களில் புள்ளியே கிடையாது, மெய்யெழுத்துகள் மட்டும்தான், இந்தக் குறிகளெல்லாம் எத்தனையோ நூற்றாண்டு கழித்து, எபிரெய வேதாகமத்தின் வாசிப்பைக் காத்துவந்த மசோரெத் அறிஞர்கள் சேர்த்தவை. அதனால் ஈசாக்கின் கிணற்றுப் பெயரைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ‘ஆணை’ என்று போட்டார்கள், லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் ‘மிகுதி’ என்று போட்டார். ஏழு எங்கே போயிற்று பாருங்கள். ஒரு கட்டைவிரல் அகல மண்ணில் ஏழு, சத்தியம், நிறைவு மூன்றும் வந்துபோனதை நான் கிட்ட உட்கார்ந்து பார்த்தேன். டூரின் உச்சம் அந்தக் கால் மணி நேரம்தான், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இறக்கம்.

நடுவில் ஒருவர், இது சாலொமோன் ராஜாவைப் பார்க்க வந்த சேபாவின் ராணியுடைய ஊரா என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் பழசு, தமிழ் வேதாகமத்தில் சேபாவின் ராஜஸ்திரீயும் ஈசாக்கின் சேபாவும் ஒரே எழுத்தில்தான் இருக்கும். இல்லை என்றார், ராணியின் ஊர்ப் பெயர் அலெப் என்கிற எழுத்தில் முடிகிறது, இந்தப் பெயர் அயினில். இன்றைய எபிரெயத்தில் பலர் வாயில் இரண்டும் ஒன்றுபோலத்தான் வருகிறது, ஆனால் அந்தக் காலத்தில் அயின் தொண்டைக்குள்ளிருந்து வரும், காதால் கேட்டே பிரித்துவிடலாமாம். வேனின் டிரைவர் உள்ளூர் பெதுவின்காரர், அதாவது பாலைவன அரபு இனத்தவர், அவர் பின்னாலிருந்து ‘பீர் அஸ்-ஸபா’ என்று அந்தத் தொண்டை ஒலியோடு சொல்லிக் காட்டினார். அரபியில் கேட்கிற காதைப் பொறுத்து அது ஏழின் கிணறும் ஆகும், சிங்கத்தின் கிணறும் ஆகும் என்று சிரித்தார். லேட்டாக வந்ததற்கு அவரை அந்த இடத்தில் மன்னித்துவிட்டேன். நானும் என் பங்குக்கு, தமிழில் ‘பெயெர்’ என்பது ‘பெயர்’ போலக் கேட்கும், எங்களுக்கு இது ‘பெயரின் ஊர்’ என்றேன். வழிகாட்டிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது கிணறு. நகர வாசலுக்கு வெளியே, ஏறக்குறைய 69 மீட்டர் ஆழம். கம்பி வழியே எட்டிப் பார்த்தால் கருப்புதான் தெரியும். இங்கே ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி, ‘இதுதான் ஆபிரகாம் தன் கையால் தோண்டிய அசல் கிணறு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவித்தார். எனக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். இந்த மேட்டை 1969 முதல் 1976 வரை தோண்டியது தெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோகனான் அகரோனி குழு. மேட்டில் மிகப் பழைய கற்செம்புக் காலத் தடயம் கொஞ்சம் உண்டு, அதற்கப்புறம் நீண்ட இடைவெளி, திரும்ப ஆட்கள் குடியேறுவது இரும்புக் காலத்தில். ஆபிரகாமுக்கு வழக்கமாகச் சொல்லப்படுகிற காலம் அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அகரோனி இந்தக் கிணற்றை கி.மு. 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் வைத்து, முற்பிதாக்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் கதைகளே அந்தக் காலத்துச் சூழலில் பிறந்தவை என்று வாதிட்டார், அதை ஏற்காதவர்களும் உண்டு. வேதாகமம் சொல்கிற பெயெர்செபா இந்த மேடே இல்லை, இன்றைய நகரத்துக்கு அடியில் இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. வழிகாட்டி இதையெல்லாம் மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தார், மைக் அவர் கையில் இல்லை.

இத்தனைக்கும் அந்தக் கிணறு பொய் சொல்லாமலே சுவாரசியமானது. மழை வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் அளவு விழுகிற நிலம், கீழே ஹெப்ரோன் ஓடை பெரும்பாலும் காய்ந்து கிடக்கிறது, அந்த இடத்தில் 69 மீட்டர் பாறையைக் குடைந்து தண்ணீருக்கு இறங்கியிருக்கிறார்கள் என்றால், கிணறு யாருடையது என்கிற சண்டைக்கு ஏன் ராஜா, சேனாபதி, உடன்படிக்கை, சாட்சிக்கு ஆடு எல்லாம் தேவைப்பட்டது என்று எட்டிப் பார்த்தவுடனே புரிந்துவிடுகிறது. ஈசாக்கு வழியில் தோண்டிய கிணறுகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: ஏசேக்கு என்றால் சண்டை, சித்னா என்றால் பகை, யாரும் சண்டைக்கு வராத மூன்றாவதுக்கு ரெகொபோத், அதாவது இடம் அகன்றது. (1890-ல் உருவான ரெகோவோத் ஊருக்கு இந்தப் பெயரைத்தான் எடுத்து வைத்தார்கள்.) அந்த வரிசையின் கடைசியில்தான் ஆணைக் கிணறு வருகிறது. அவ்வளவு ஏன், 1917 அக்டோபர் 31 அன்று ஆஸ்திரேலியக் குதிரைப்படை சாயங்காலத்தில் இந்த ஊருக்குள் பாய்ந்ததற்கும் ஒரு பெரிய காரணம் இந்த ஊர்க் கிணறுகள்தான், குதிரைக்குத் தண்ணீர் வேண்டும்.

வாசலுக்கு அருகே கொம்புள்ள பலிபீடம் ஒன்றின் நகல் நிற்கிறது. அசல் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். 1973-ல் கண்டெடுத்தபோது அது பீடமாக இல்லை, கற்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுக் களஞ்சியச் சுவரில் சாதாரணக் கல்லாகக் கட்டப்பட்டிருந்தன, நாலு மூலைக் கொம்புகளை வைத்துத்தான் இது பீடம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கல்லில் பாம்பு வரைந்திருக்கிறது. செதுக்கிய கல்லில் பலிபீடம் கட்டாதே என்று யாத்திராகமம் 20-ல் இருக்கிறது, இது நன்றாகச் செதுக்கிய கல். யூதாவின் ராஜா எசேக்கியாவின் மதச் சீர்திருத்தத்தில் உடைத்திருப்பார்கள் என்பது ஒரு கருத்து. ஆமோஸ் தீர்க்கதரிசி இந்த ஊர்ப் பக்தியைப் பற்றி ‘பெயெர்செபாவுக்கும் போகாதேயுங்கள்’ என்று ஒரே வரியில் விமர்சனம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், இதைவிடச் சுருக்கமாக நான் எழுத முடியாது. இதில் ஒரு வேடிக்கை, அதே வசனத்தில் கில்கால், பெத்தேல் என்கிற ஊர்களுக்கு என்ன ஆகும் என்று தண்டனை சொல்கிற ஆமோஸ் பெயெர்செபாவைத் தண்டனை இல்லாமல் விட்டுவிடுகிறார், அப்புறம் எட்டாம் அதிகாரத்தில் பிடிக்கிறார்: பெயெர்செபா மார்க்கத்தின்மேல் ஆணையிடுகிறவர்கள் விழுவார்கள் என்று. ஆணையின் பெயர் கொண்ட ஊரை வைத்தே ஆணையிடுவது! இதை வழிகாட்டி சொல்லவில்லை, ரயிலில் திரும்பும்போது நானாக வாசித்துக் கண்டுபிடித்து கொஞ்ச நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

மேட்டுக்கு உள்ளே நகரம் ரொம்பச் சின்னது, ஏறக்குறைய மூன்று ஏக்கர். வட்டமாக ஒரு தெரு, தூண் வரிசைக் களஞ்சியங்கள், வீடுகள், எல்லாம் கி.மு. எட்டாம் நூற்றாண்டுத் திட்டம், அந்த நூற்றாண்டின் முடிவில் எரிந்துபோனது, பெரும்பாலும் அசீரிய ராஜா சனகெரிப்பின் படையெடுப்போடு சேர்த்துப் பேசுவார்கள். மெகிதோ, ஆத்சோர் மேடுகளோடு சேர்த்து 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நிலத்தடி நீர்த்தொட்டிக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படி இறங்கலாம், உள்ளே ஜில்லென்று இருக்கிறது, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள்.

நடுவில் இருக்கிற பார்வைக் கோபுரத்தில் கண்டிப்பாக ஏறுங்கள். மேற்கே நகரம், இந்தப் பக்கம் பெதுவின் ஊர், தெற்கே வெறும் வெளி. ‘தாண் முதல் பெயெர்செபாமட்டும்’ என்பதன் அர்த்தம் அங்கே நின்றால்தான் உடம்பில் ஏறும். தாண் வடக்கே, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 235 கிலோமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ‘எல்லாரும்’, இதற்குத் தெற்கே பேச்சு நின்றுவிடுகிறது. எலியா தீர்க்கதரிசி ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிவரும்போது வேலைக்காரனை இங்கே நிறுத்திவிட்டுத்தான் தனியாக வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய்ச் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்கிறார். யாக்கோபு எகிப்துக்குப் போகும் வழியில் இங்கே நின்று பலியிட்டுவிட்டுத்தான் போகிறார். ஆகார் பிள்ளையோடு அலைந்ததும் பெயெர்செபாவின் வனாந்தரம்தான், துருத்தியில் தண்ணீர் தீர்ந்த பிறகு அவள் கண் திறந்து பார்த்ததும் ஒரு துரவு. ஊர் என்பதைவிட வாசற்படி என்று சொன்னால் பொருந்தும். இன்னொரு விஷயம், சாமுவேல் புத்தகத்தில் தாண் முதல் பெயெர்செபா என்று இருக்கிற அதே கணக்கெடுப்புச் செய்தி நாளாகமத்தில் பெயெர்செபா தொடங்கித் தாண் என்று திரும்பிவிடும். எழுதினவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தாரோ.

இப்போது அந்த நாற்பது நிமிஷத்துக்கு வருகிறேன். மேட்டில் நேரம் இழுத்துப்போனதால் பழைய நகரத்து மையத்தில் எங்களுக்குப் போட்டிருந்த முன்பதிவு நேரம் தாண்டிவிட்டது, அடுத்து வேறு குழு, உள்ளே போக முடியவில்லை. மையத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை, பதிவு செய்துவிட்டுத் தாமதமாகப் போனது இவர்கள். ஒருங்கிணைப்பாளர் அங்கேயும் வெளியே நின்று, ‘உள்ளே இருப்பதுதான் ஆபிரகாமின் அசல் கிணறு’ என்றார். காலையில் ஒன்றைக் காட்டி அசல் என்றீர்களே என்று நோட்டுப் புத்தக அம்மா கேட்டார். ‘அவர் பணக்காரர், இரண்டு வைத்திருந்திருப்பார்’ என்றார். இதற்குச் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன், ஆனால் 240 ஷெக்கலில் பாதி காற்றில் போனது போனதுதான். பாதிக் காசைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டதற்கு, அடுத்த டூரில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது.

வழிகாட்டியிடம் இறங்கும்போது கடைசியாக ஒன்று கேட்டேன்: சரி, நீங்கள் சொல்லுங்கள், ஏழா, ஆணையா? ‘ஆபிரகாம் ஏழு ஆட்டைக் கொடுத்தார், அபிமெலேக்கு வாங்கிக்கொண்டான், இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீ ஏன் இன்னும் வெயிலில் நிற்கிறாய்?’ என்றார். மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன், மூன்றும் அவருக்கு, அரை டிரைவருக்கு.

போகிறவர்களுக்கு: பதிவு செய்யும்போதே எபிரெய ஆசிரியர் வருவாரா என்று கேளுங்கள், வரமாட்டார் என்றால் மேட்டுக்கு நீங்களே டாக்சியில் போய்விடலாம், ஆதியாகமம் 21-ம் 26-ம் கையில் இருந்தால் போதும். தமிழில் ஆபிரகாம் ‘தோப்பு உண்டாக்கினான்’ என்று வருகிற இடத்தில் எபிரெயத்தில் ‘எஷெல்’, சவுக்கு மாதிரி மெல்லிய இலை உள்ள ஒற்றை மரம், தோப்பைத் தேடி அலையாதீர்கள். தொப்பியும் தண்ணீரும் நீங்களே கொண்டுபோங்கள், வேனில் தரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் போடாதீர்கள், ஓய்வுநாளுக்காகப் பிற்பகலோடு ரயில் நின்றுவிடும், அப்புறம் சனி இரவுதான். நான் வெள்ளிக்கிழமைதான் போயிருந்தேன், இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஓட்டமாக ஓடிக் கடைசிப் பெட்டியில் ஏறினேன்.